ஒரு பேண்டு ஏன் உடைகிறது? அவலூர்பேட்டையிலிருந்து சில அனுபவங்கள்



சென்ற மாதம் திருவண்ணாமலையில் கல்லூரித் தம்பிகள் சிலர் எங்களைச் சந்தித்தார்கள். பேண்டு ஆரம்பிக்கப் போகிறார்களாம். பறை இருக்கிறது, கிட்டார் இருக்கிறது, ராப் பாட ஒரு பையன் இருக்கிறான். "எப்படி ஆரம்பிக்கிறதுன்னு சொல்லுங்கண்ணா" என்று கேட்டார்கள். ஆரம்பிப்பது சுலபம். எங்களுக்கு அது ஒரு ராத்திரி பஸ் பயணத்திலேயே முடிந்துவிட்டது. உடையாமல் இருப்பதும், உடைந்த பிறகு திரும்ப ஒன்றாக உட்காருவதும்தான் கஷ்டம். அதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனது. அன்றைக்கு டீக்கடையில் நின்றபடி அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறோம்.

நாங்கள் ஏழு பேர். பறை மூன்று பேர், பம்பை ஒருவர், கிட்டார் ஒருவர், பாடுவதற்கு ஒரு தங்கச்சி, பாட்டு எழுதி ராப் சொல்ல ஒருவர். கிட்டார் தம்பி ஊர்த்தெருப் பையன். மற்ற ஆறு பேரும் காலனி. இந்தக் கட்டுரையை ஏழு பேரும் சேர்ந்து பேசித்தான் எழுதுகிறோம். ஆனால் 'நாங்கள்' என்ற இந்தச் சொல் நடுவில் சில காலம் பொய்யாகப் போயிருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் நிகழ்ச்சி. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. எங்களில் நாலு பேர் செஞ்சியில் பஸ் ஏறி, திண்டிவனம் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். மேடையில் 19 பேர். கானா பாடுகிறவர்கள், பறை, சட்டி, டோலக்கு, கிட்டார், டிரம்ஸ், ராப். அத்தனை பேரில் ஒரே ஒரு பெண், இசைவாணி. அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய 'சாதிபேதமற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து குழுவுக்குப் பெயர் எடுத்திருந்தார்கள். இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு, அம்பேத்கரைப் பற்றி ஒரு பாட்டு. எங்கள் வீட்டில் தினமும் பேசுகிற விஷயங்களை மைக்கில் பாடுகிறார்கள், ஆயிரக்கணக்கான பேர் கைதட்டுகிறார்கள். இதை நாங்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் தூங்கவில்லை. எங்களுக்கு மட்டும் இல்லாமல் போனது என்ன? பறை அடிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் பக்கத்திலேயே இருப்பதால் பம்பைக்கும் உடுக்கைக்கும் எங்கள் பக்கம் பஞ்சமில்லை. கூத்து பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். திண்டிவனம் தாண்டுவதற்குள் பேண்டு தயார்.

ஊருக்கு வந்ததும் முதலில் பெரியப்பாவிடம் போனோம். எங்களில் ஒருவருக்குத்தான் அவர் சொந்தப் பெரியப்பா. ஆனால் தெருவுக்கே அவர் பெரியப்பா. அந்தக் காலத்தில் அவர் அடிக்கு ஈடு கிடையாது என்பார்கள். நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிப்போனது.

"இன்னாத்துக்குடா அத மறுபடி கையில எடுக்கிறீங்க? அத உட்டதுக்கு நாங்க பட்டது போதாதா?"

அப்போதுதான் முழுக் கதையும் எங்களுக்குத் தெரிந்தது. ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் வந்து கூப்பிடுவார்கள். போகாமல் இருக்க முடியாது. கூலி என்று பேசியதே இல்லை. சாராயமும் கொஞ்சம் அரிசியும். ஒருநாள் பெரியப்பாவும் இன்னும் சிலரும் இனி மேளம் அடிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பறைகளைக் களத்துமேட்டில் போட்டுக் கொளுத்தினார்கள். அந்த வருஷம் மல்லாட்டை பிடுங்க எங்கள் தெரு ஆட்களை யாரும் கூப்பிடவில்லை. பாதித் தெரு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனது அப்போதுதான்.

இது எங்கள் தெருவில் மட்டும் நடந்ததல்ல. தமிழ்நாடு முழுக்கப் பல சேரிகளில் பறை அடிக்க மறுத்துப் போராட்டம் நடந்திருக்கிறது. பறையை விட வேண்டும், அது அடிமை வேலையின் அடையாளம் என்பது ஒரு தலைமுறையின் அரசியல். பறையை எடுக்க வேண்டும், அது நம் கலை என்பது அடுத்த தலைமுறையின் அரசியல். இரண்டில் ஒன்றுதான் சரி என்று நாங்கள் நினைக்கவில்லை. யார் கூப்பிட்டு, யாருக்காக, எந்த இடத்தில் நின்று அடிக்கிறோம் என்பதுதான் கேள்வி. 2018ல் இதை நாங்கள் இப்படிப் புரிந்துகொள்ளவில்லை. பெரியப்பா பழைய ஆள், அவருக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்துவிட்டோம்.

2018 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள். எங்கள் காலனி சிலைக்கு முன்னால் முதல் முறை வாசித்தோம். கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபயர் கிடையாது. கல்யாண செட்டுக்காரரிடம் ஒரு மைக்கை இரவல் வாங்கிக் கிட்டாருக்கு முன்னால் நிறுத்தினோம். பறை மூன்றும் அடித்தால் கிட்டார் காதில் விழாது. கிட்டார் கேட்க வேண்டுமென்றால் பறை அடங்க வேண்டும். இந்தச் சண்டையைத் தீர்க்கவே ஆறு மாதம் ஆனது. கடைசியில் பறையைத் தீயில் காய்ச்சி எவ்வளவு முறுக்கேற்ற வேண்டும், எந்த இடத்தில் சிண்டுக்குச்சி மட்டும் பேச வேண்டும், எந்த இடத்தில் அடிக்குச்சி விழ வேண்டும் என்பதெல்லாம் படிந்து வந்தது. கல்லூரி விழாக்கள், இயக்கக் கூட்டங்கள், நூலகத் திறப்பு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். 2019 முடிவதற்குள் முப்பது மேடைக்கு மேல் ஏறிவிட்டோம்.

உடைந்தது 2020 மாசியில். பக்கத்து ஊர் ஒன்றில் திருவிழா. பெயர் வேண்டாம். 15,000 ரூபாய் பேசி, அதில் பாதியை முன்பணமாக வாங்கியிருந்தோம். அதுவரை வாங்கியதிலேயே பெரிய தொகை. போய் இறங்கியதும் விழாக்காரர் ஒருவர் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: "மேடை சின்னது தம்பி. கோயிலுக்கு நேரா வேற இருக்குது. பாடுறவங்களும் கிட்டாரும் மேல இருக்கட்டும். மேளம் கீழ நின்னே அடிக்கட்டும்."

சாதி என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. அதனால்தான் அது எளிதாகவும் இருந்தது. மேடை சின்னது என்பதும் உண்மைதான். ஆனால் அதே மேடையில் எங்களுக்கு முன்னால் நடனமாடிய குழுவில் பத்துப் பேர் இருந்தார்கள். எல்லோரும் அதைப் பார்த்தோம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மூன்று பேர் மேலே, நாலு பேர் கீழே. மேலே நின்ற மூன்று பேரில் இரண்டு பேர் எங்கள் காலனிதான் என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். ஒன்றரை மணி நேரம் வாசித்தோம். சமத்துவத்தைப் பற்றிய பாட்டையும் பாடினோம்.

முடிந்ததும் பணம் இருந்த கவரைக் கிட்டார் தம்பி கையில் கொடுத்தார்கள். அவனும் வாங்கிக்கொண்டான். நாலு நாள் கழித்து யூடியூபில் யாரோ வீடியோ போட்டார்கள். மேலே நின்ற மூன்று பேரின் பெயரும் இருந்தது. கீழே நின்றவர்களுக்கு 'மற்றும் குழுவினர்'. படத்தில் அவர்களின் தலை மட்டும் அவ்வப்போது தெரிந்தது.

வாட்ஸ்அப் குழுவில் சண்டை. "நீ ஏன் அப்பவே எறங்கி வரல?" "நீங்க ஏன் அடிக்க மாட்டேன்னு சொல்லல?" "முன்பணத்த வாங்கினது யாரு?" பாடுகிற தங்கச்சி எழுதியதை மட்டும் இன்னும் வைத்திருக்கிறோம்: "ஒவ்வொரு தடவையும் ராத்திரி பஸ்ல எனக்குப் பாதுகாப்பு இல்லன்னு நாலு நிகழ்ச்சிக்கு என்னக் கூப்பிடாமலே போனீங்க. அப்ப யாருக்கும் இது தப்பாத் தெரியல." அதற்கு யாரும் பதில் எழுதவில்லை. ஒவ்வொருவராகக் குழுவிலிருந்து வெளியேறினோம். அடுத்த மாதமே கொரோனா வந்துவிட்டது. ஒன்றுசேராமல் இருப்பதற்கு அது நல்ல காரணமாக அமைந்தது.

ஒருவர் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிப்டு. இரண்டு பேர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. தங்கச்சிக்குச் சேத்துப்பட்டுப் பக்கம் கல்யாணம். பம்பைக்காரர் அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூரில் வாசித்துக்கொண்டிருந்தார். கிட்டார் தம்பி ஒரு தனியார் பள்ளியில் இசை ஆசிரியர்.

பிரிந்திருந்தாலும் எல்லோரும் ஒரே செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் பார்த்தவர்கள் தனித்தனியாகவும் வளர்ந்துகொண்டிருந்தார்கள். அறிவு 2019ல் 'தெருக்குரல்' வெளியிட்டிருந்தார். 2020ல் பிபிசியின் உலகின் 100 பெண்கள் பட்டியலில் இசைவாணி பெயர் வந்தது. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' உலகம் முழுக்கப் போனது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அறிவு அந்தப் பாட்டுக்குள் கொண்டுவந்திருந்தார். அதே வருஷம் ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் மற்ற கலைஞர்கள் இருக்க, அறிவு இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். பிறகு அறிவுக்குத் தனி இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அவர் இல்லை. தன் உழைப்பைப் பற்றி அறிவு எழுதினார். இசையமைத்தவரும் உடன் பாடியவரும் தங்கள் விளக்கத்தைச் சொன்னார்கள். யார் சொன்னது எவ்வளவு சரி என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலும் பெங்களூரிலும் சேத்துப்பட்டிலும் இருந்த எங்களுக்கு அந்த மேடையைப் பார்த்ததும் எங்கள் மேடைதான் நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசாத விஷயத்தை நாடே பேசிக்கொண்டிருந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் தோழரோடு அறையில் தங்கியிருந்தவர் ஒரு வங்காளத் தொழிலாளி. ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தால் ஒரு மெட்டை முனகிக்கொண்டே இருப்பாராம். 2006ல் வந்த 'கேங்ஸ்டர்' இந்திப் படப் பாட்டு அது என்று நம்மவர் சொல்ல, "இல்லை, அது எங்கள் வங்காளப் பாட்டு" என்று அவர் சொன்ன கதைதான் மொஹீனேர் கோராகுலி.

'மொஹீனின் குதிரைகள்' என்று அர்த்தம். கவிஞர் ஜீபனானந்த தாஸின் ஒரு கவிதையிலிருந்து எடுத்த பெயர். செஞ்சிக் கோட்டைப் பக்கத்தில் குதிரை என்றால் தேசிங்குராஜன் குதிரைதான் எங்களுக்குத் தெரியும். இது வேறு குதிரை. 1970களின் நடுவில் கல்கத்தாவில் ஏழு பேர் சேர்ந்து ஆரம்பித்த குழு. இந்தியாவின் முதல் ராக் பேண்டுகளில் ஒன்று. அவர்களும் ஏழு பேர்! தலைவர் என்று சொல்லத்தக்க கௌதம் சட்டோபாத்யாய், நக்சல்பாரி காலத்தில் சிறைக்குப் போய் வந்தவர். பாவுல் பாட்டையும் மேற்கத்திய ராக்கையும் கலந்து, நகரத்து வாழ்க்கையை வங்காளத்தில் பாடினார்கள். 1977, 1978, 1979 என்று மூன்று சிறிய இசைத்தட்டுகள் வந்தன. அந்தக் காலத்தில் கேட்பார் குறைவு. 1981ல் கலைந்துவிட்டார்கள். வேலை, குடும்பம், வேறு ஊர் என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள். எங்களைப் போலவே.

1995ல், கல்கத்தா புத்தகச் சந்தையை ஒட்டி, 'மறுபடி இருபது வருஷம் கழித்து' என்ற அர்த்தம் வரும் பெயரில் ஒரு தொகுப்பு வெளிவந்தது. இதுதான் அவர்களின் மறுவருகை. ஆனால் கௌதம் பழைய ஏழு பேரைத் திரும்ப மேடையில் வரிசையாக நிறுத்தவில்லை. அப்போது வளர்ந்துகொண்டிருந்த இளம் குழுக்களைக் கூப்பிட்டார். அவர்கள் பாட, அவர் தொகுத்தார். அடுத்தடுத்து இன்னும் தொகுப்புகள் வந்தன. பழைய காலத்தில் கேட்காதவர்கள் எல்லாம் அப்போதுதான் கேட்டார்கள். அந்த முனகல் மெட்டும் அந்தத் தொகுப்பில் வந்ததுதான். 1999ல் கௌதம் இறந்துவிட்டார். பாட்டு நிற்கவில்லை.

அவர்கள் படித்த நடுத்தர வர்க்கத்து இளைஞர்கள். நம் கதையும் அவர்கள் கதையும் ஒன்றல்ல. அந்த வங்காளத் தோழரே, "அந்தக் குழுவில் எங்கள் தெரு ஆட்கள் யாரும் கிடையாது, ஆனால் பாட்டு எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது" என்றுதான் சொன்னாராம். இருந்தாலும் நாங்கள் ஒன்று கற்றுக்கொண்டோம். திரும்பச் சேருவது என்றால் பழையபடியே ஆகிவிடுவது அல்ல. பழையபடியே சேர்ந்தால் பழையபடியேதான் உடையும்.

2024ல் பெரியப்பா இறந்தார். "என் சாவுக்கு மேளம் வேணாம்" என்று பெரியம்மாவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். ஏழு பேரும் வந்துவிட்டோம். நாலு பேர் பறையும் பம்பையும் தெரிந்தவர்கள், கை சும்மா இருந்தது. ஒப்பாரிச் சத்தம் மட்டும்தான். கிட்டார் தம்பி காலையிலேயே வந்து, எங்களோடு வரப்பு வழியாக எங்கள் சுடுகாடு வரைக்கும் நடந்து வந்தான். எங்கள் சுடுகாட்டுக்கு அதுவரை பாதை கிடையாது என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் பழகியும்.

ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அவன்தான் ஆரம்பித்தான். "அன்னிக்கி நான் எறங்கி இருக்கணும். கவர வாங்கி இருக்கக் கூடாது." ராப் தோழர், "நானும் மேலதான் நின்னேன்" என்றார். பறை அண்ணன், "நாங்களும் குச்சியக் கீழ போட்டிருக்கலாம். பணம் போயிடும்னு பயந்துட்டோம்" என்றார். தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நான் எழுதினதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல" என்றாள். அப்போதுதான், நாலு வருஷம் கழித்து, அதற்குப் பதில் சொன்னோம். மன்னிப்பும் கேட்டோம்.

பெரியம்மா உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து வைத்தார். "மேளத்துமேல அவருக்குக் கோவமில்லடா. கூப்பிட்டவன் மேலதான் கோவம். தனியா இருந்தா தொடையில தட்டிக்கினேதான் இருப்பாரு" என்றார். நாங்கள் யாரும் அதை அறிந்திருக்கவில்லை.

அந்த ராத்திரி பேசியவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினோம். கல்லூரித் தம்பிகள் கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறோம்.

முதலாவது, மேடை. எல்லோரும் ஒரே உயரத்தில் நிற்போம். மேடையில் இடமில்லை என்றால் ஏழு பேரும் கீழே. இதை ஒப்புக்கொள்ளும்போதே சொல்லிவிடுவோம்.

இரண்டாவது, பெயர். போஸ்டரோ வீடியோவோ, எல்லோருடைய பெயரும் கருவியும் இருக்க வேண்டும். 'குழுவினர்' என்ற சொல் வேண்டாம். பாட்டு வெளியிடும் முன்பே யார் எழுதியது, யார் மெட்டமைத்தது, யார் வாசித்தது என்று தாளில் எழுதிக் கையெழுத்து. 2012ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டப்படி, திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ தன் படைப்பு இடம்பெற்றால், எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டி பெறும் உரிமையை ஒரு கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. வாசிப்பவர்களுக்கும் தனியாக உரிமை உண்டு. சட்டம் படிக்கும் தோழர்கள் ஊர்க் குழுக்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பணம். பயணச் செலவு போக ஏழு சமப் பங்கு. கணக்கு நோட்டு தங்கச்சியிடம். அவள் வர முடியாத நேரத்துக்கு நிகழ்ச்சி ஒப்புக்கொள்வதில்லை. பாதுகாப்பு என்றால் அவளை விட்டுவிட்டுப் போவதல்ல, வண்டி பிடித்துக் கூட்டிப்போவது.

நாலாவது, சாவு வீடு. யாரும் உத்தரவு போட்டு அடிக்க மாட்டோம். எங்கள் பெரியவர்கள் மேளம் வேண்டாம் என்றால் அதையும் மதிப்போம்.

ஐந்தாவது, விட்டுப் போகிறவர் துரோகி அல்ல. கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் பார்த்தவர்கள் தனியாகவும் பாடுகிறார்கள். ஆனால் 2024 நவம்பரில், சில வருஷங்களுக்கு முன் பாடிய ஒரு பாட்டுக்காக இசைவாணியைக் குறிவைத்து அவதூறும் மிரட்டலும் வந்தபோது, நீலம் பண்பாட்டு மையம் அவருக்கு ஆதரவாக அறிக்கை விட்டது. தனியாகப் போனவருக்கு ஒன்று என்றால் கூட நிற்பது. எங்களுக்கு அதுதான் குழு.

2025 ஏப்ரல் 14 அன்று, அதே சிலைக்கு முன்னால் மறுபடி வாசித்தோம். மேடை போடவில்லை. மண் தரையில் ஏழு பேரும் வட்டமாக நின்றோம். தெருப் பிள்ளைகள் ஐந்து பேர் புதிதாகப் பறை கற்றுக்கொண்டிருக்கிறார்கள், அதில் மூன்று பேர் பெண் பிள்ளைகள். கடைசிப் பாட்டை அவர்களிடம் கொடுத்துவிட்டு நாங்கள் ஓரமாக நின்றுகொண்டோம். ஒரு பாப்பாவுக்குத் தாளம் தவறியது. பெரியம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே தொடையில் தட்டிக் காட்டினார். அது பிடித்துக்கொண்டது.

திருவண்ணாமலைத் தம்பிகளே, நீங்கள் ஆரம்பியுங்கள். அவலூர்பேட்டைப் பக்கம் வந்தால் நோட்டைக் காட்டுகிறோம். நகல் எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தோன்றும் ஆறாவதை அதில் எழுதி வையுங்கள்.

ஜெய்பீம்.